ஜெராக்ஸ் அக்காவின் இரண்டாவது பாரா

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தால் எல்லாக் கடையிலும் முன்பக்கம், பின்பக்கம் எடுத்துத் தருவார்கள். ஜெராக்ஸ் அக்கா அதோடு விடமாட்டார். அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டுத் துழாவுவார். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, முருகன் படம் என்று எது சொருகியிருந்தாலும் அதற்கும் ஒரு பிரதி எடுத்து மேலே வைப்பார். முருகனுக்கு எதற்கு ஜெராக்ஸ் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்.

"உட்டுப்போச்சின்னு ஆபீஸ்காரன் திருப்பி அனுப்பிட்டான்னா நாளிக்கு நீ யாராண்ட போயி நிப்ப?"

அவர் பெயர் எனக்குத் தெரியாது. திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் அவர் கடை இருந்த சந்தில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நைட்டியும் அதன்மேல் ஒரு துப்பட்டாவும்தான் எப்போதும். மெஷினின் கறுப்பு மை கட்டை விரலிலிருந்து போனதே இல்லை. கன்னத்தைச் சொறிந்தால் கன்னத்திலும் ஒரு பிரதி விழும். கடையில் ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெஞ்ச். இவற்றை வைத்துக்கொண்டு பாதித் திருவொற்றியூரின் மனுக்களை அவர் டைப் அடித்தார்.

டைப் அடிப்பதில் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். அல்லது நல்ல பழக்கம். இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை. வந்தவர் சொல்லி முடித்ததும் விரலைக் கீபோர்டின் மேல் நிறுத்திக்கொண்டு, "வேற இன்னா?" என்பார். அவ்வளவுதான்க்கா என்று சொன்னாலும் விரல் எழாது. பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும். பிறகு உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் ஒருவர் லீவு லெட்டருக்கு வந்திருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"காய்ச்சல்னு போடுக்கா. ரெண்டு நாளு."

"எப்பத்துலேர்ந்து காய்ச்சலு?"

"நாளான்னிக்கிலேர்ந்து."

அக்கா விரலை நிறுத்திவிட்டார். "நாளான்னிக்கி வரப்போற காய்ச்சலா? வேற இன்னா?"

ஐந்து நிமிடத்தில் அந்த மனிதர் கவிழ்ந்தார். லெட்டர் இப்படி வந்தது: 'எனது மைத்துனர் மகளுக்குக் காதுகுத்து விழா நடைபெற இருப்பதாலும், அதில் ஆட்டுக்கறி விருந்து இருப்பதாலும், மறுநாள் எனது வயிறு எனது கட்டுப்பாட்டில் இராது என்பதாலும் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஐயோ வேலை போச்சு என்று தலையில் கையை வைத்துக்கொண்டு போனார். முதலாளி லீவும் கொடுத்து, காதுகுத்துக்கும் வந்து, இரண்டு முறை கறி வாங்கிச் சாப்பிட்டாராம்.

எல்லாமே இப்படி சுபமாக முடியாது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெரியப்பாவை விட்டுவிடச் சொன்னார்கள். "பெரிப்பாவா இல்லியா?" என்று கேட்டார் அக்கா. பெரியப்பாதான், ஆனால் பேசுவதில்லை என்றார்கள். அக்கா இரண்டையும் போட்டுவிட்டார். பெரியப்பா பெயருக்குப் பக்கத்தில் பிராக்கெட்டுக்குள் 'தற்போது பேச்சுவார்த்தை இல்லை' என்று அச்சாகிவிட்டது. அந்த மனிதர் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, பிராக்கெட்டை எடுத்தால்தான் பந்தியில் உட்காருவேன் என்று வாசலில் நின்றார். மாப்பிள்ளையே தாலி கட்டிய கையோடு பேனா வாங்கி அடித்துக் கொடுத்தார்.

வாசித்துக் காட்டுவதும் அப்படித்தான். பேங்கிலிருந்து, கோர்ட்டிலிருந்து, இன்சூரன்ஸிலிருந்து வந்த தாள்களைப் பெண்கள் கொண்டுவருவார்கள். அக்கா மேலே இருக்கும் சின்னத்திலிருந்து தொடங்குவார். விலாசம், போன் நம்பர், பக்க எண், 'இது கணினியால் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை' என்பது வரை ஒரு எழுத்து விடமாட்டார். கேட்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். விஷயத்தை மட்டும் சொல்லுக்கா என்று ஒருமுறை ஒரு பெண் அழாத குறையாகக் கேட்டாள்.

"எது விசயம்னு எனக்கு இன்னா தெரியும்? அத்த எய்துனவனுக்குத்தான் தெரியும். கேளு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் நான் ஏன் அந்த வேலையைக் கொண்டுபோனேன் என்று இப்போது யோசித்தால் என் புத்தியை நானே மெச்சிக்கொள்கிறேன்.

நான் அப்போது ஒரு பெரிய விவசாயக் கம்பெனியில் இருந்தேன். விதையும் அவர்களே விற்பார்கள், உரமும் அவர்களே, பூச்சிமருந்தும் அவர்களே. விளைந்ததை வாங்கி எண்ணெயாக்கிப் பாக்கெட்டில் அடைத்து நம் வீட்டுக்கு அனுப்புவதும் அவர்களே. உர ஆலை மணலிப் பக்கம் இருந்தது. எனக்கு மக்கள் தொடர்பில் வேலை. வேலை நிரந்தரமாகவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் காலநிலை மாற்றத்துக்காக ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டது. தடித்த புத்தகம். எங்கள் கம்பெனிக்கு அதில் ஒரே ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாக மாட்டியது. 'உர ஆலைகள் தாம் வெளியேற்றும் வாயுக்களின் அளவை நாள்தோறும் ஆலை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.' அவ்வளவுதான். பூமியைச் சூடாக்குகிற வாயுவும் அந்தக் கணக்கில் வரும், கண்ணை எரிக்கிற வாயுவும் வரும். பலகையில் எழுதினால் போகிறவன் வருகிறவனெல்லாம் படிப்பான். படித்தால் குறைக்கச் சொல்வான்.

எங்கள் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தொழில் தெரியும். "நாம் எதையும் எதிர்க்கக் கூடாது. எதிர்க்கிறோம் என்று எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. பெரிதும் வரவேற்கிறோம் என்று தொடங்க வேண்டும். பிறகு ஒரே ஒரு வரியை எடுக்கச் சொல்ல வேண்டும். அதையும் நாம் கேட்கக் கூடாது. விவசாயி கேட்க வேண்டும்" என்றார். உரம் விலை ஏறிவிடும், சோறு கிடைக்காது என்று விவசாயி அழுதால் எந்த அரசாங்கமும் இறங்கிவரும் என்பது அவர் கணக்கு. திருவொற்றியூரில் நடக்கப்போகும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முந்நூறு விவசாயிகளின் கடிதம் வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தால் வேலை நிரந்தரம்.

சார், திருவொற்றியூரில் விவசாயி இல்லை என்றேன். மேனேஜர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். வள்ளூர், சாத்தாங்காடு, அந்தக் குப்பம், இந்தக் குப்பம் என்று ஒவ்வொன்றாகப் படித்து, "எல்லாம் கிராமத்துப் பெயராக இருக்கிறதே, தேடிப் பார்" என்றார். வள்ளூரில் அனல்மின் நிலையப் புகைபோக்கியைத் தவிர உயரமாக எதுவும் வளர்வதில்லை என்பதை நான் சொல்லவில்லை. போகும்போது இன்னொன்றும் சொன்னார். முந்நூறும் ஒரே மாதிரி இருந்தால் அதிகாரிகள் ஒன்றாகக் கட்டி ஒரே கடிதமாக எண்ணிவிடுவார்கள், அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும் என்றார். இதைச் சொன்னது அவர்தான் என்பதை நான் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

மாதிரிக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். 'நான் ஒரு விவசாயி. இந்த வரைவைப் பெரிதும் வரவேற்கிறேன். உர ஆலைகள் பற்றிய வரியை மட்டும் நீக்குமாறு வேண்டுகிறேன்.' அக்கா இரண்டு முறை படித்தார்.

"இவ்ளோதானா? வேற இன்னா?"

"ஒவ்வொண்ணும் கொஞ்சம் மாறணும்க்கா. ஆளுக்கு ஒரு வரி சேர்த்துக்குங்க."

"அப்ப மொத பாரா உன்னுது. ரெண்டாவது பாரா அவுங்களுது. சரியா?"

சரி என்றேன். அந்தச் சரியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இரண்டு நாள் ஒரு ஆள்கூட வரவில்லை. கூட்டம் சேர்க்கலாம் என்று கம்பெனி பேனர் ஒன்றைக் கடை வாசலில் கட்டினேன். பச்சை வயல், நீல வானம், நடுவில் கொட்டை எழுத்தில் 'நெட் ஜீரோ: எங்கள் உறுதி!' கம்பெனி வெளியேவிடும் வாயுவும் மரமும் மண்ணும் திரும்ப இழுத்துக்கொள்ளும் வாயுவும் ஒருநாள் சமமாகிவிடும் என்று பொருள். எந்த நாள் என்று பேனரில் இல்லை.

மறுநாள் காலை கடலோரக் குப்பத்திலிருந்து நாற்பது பேர் வந்து சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்.

"எவன்டா அவன், நெட்டு ஜீரோன்னு எய்தினவன்?"

எனக்குப் புரியவில்லை. அவர் பேனரைக் காட்டினார். "நெட்டுன்னா வலை. ஜீரோன்னா ஒண்ணும் கெடையாது. இந்த ஊர்ல வலையே இருக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் உறுதி எடுத்துக்கீறான். எங்கள இன்னா இளிச்சவாயன்னு நெனச்சிக்கினியா?"

"அண்ணே, அந்த நெட்டு இல்லண்ணே. இது வேற. நிகரம்ணே, நிகரம்!"

"நிகரமா? அது எந்த மீனு?"

பின்னாலிருந்து ஒருவர், சுருக்குமடி வலையை நிறுத்தினார்கள், இப்போது மொத்த வலைக்கும் வந்துவிட்டார்கள் என்று கத்தினார். என் சட்டைக் காலரை யாரோ பிடித்தார்கள். அப்போது அக்கா கடைக்குள்ளிருந்து சத்தம் போட்டார்.

"அவன வுடுங்க. கோவம் கீறவங்க ஒவ்வொருத்தரா வந்து குந்துங்க. அரசாங்கத்துக்கு லெட்டர் போய்க்கினுகீது. இன்னா சொல்லணுமோ சொல்லுங்க."

நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் நூறு பேரானார்கள். மூன்று நாளில் வரிசை தேரடி வரை போனது. அக்கா முதலில் எல்லோரையும் விவசாயி ஆக்கினார். பொய்யாக டைப் அடிக்க அவரால் முடியாது என்பதால் அதற்கே நேரம் பிடித்தது.

"வூட்டாண்ட எதுனா செடி கீதா?"

"இல்லக்கா. போட்டுதான் கீது."

"போட்டுல எதுனா மொளச்சிக்கீதா?"

"பாசி மொளச்சிக்கீது."

"அது ஆவாது. நல்லா ரோசன பண்ணு."

முருங்கை மரம், பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலை, தெர்மகோல் பெட்டியில் கீரை என்று எப்படியோ எல்லோரிடமும் ஒரு வேளாண்மை இருந்தது. ஒருவர் மாமியார் வீட்டு வாழைமரத்தைச் சொன்னார். அக்கா 'நான் ஒரு விவசாயியின் மருமகன்' என்று போட்டார். பிறகு மாதிரிக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினார். நீக்கச் சொன்ன அந்த வரியையும், அது சொல்லும் பலகையையும் விளக்கினார். பிறகு விரலை நிறுத்தி, "வேற இன்னா?" என்றார். நான் முதல் மூன்று கடிதங்களை வாங்கி மேல்வரியை மட்டும் பார்த்தேன். அழகழகாக முருங்கையும் கறிவேப்பிலையும் இருந்தன. மேனேஜர் மகிழ்வார் என்று நினைத்து, அதன்பிறகு பெயர்களைப் பட்டியலில் ஏற்றும் வேலையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு கடிதம் மட்டும் எழுதும்போதே காதில் விழுந்தது. நண்டு விற்கும் ஒரு பெண். கூடையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள். அவள் மகளுக்கு எட்டு வயது, இழுப்பு. எங்கள் பக்கத்தில் சில நாள் காலையில் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஒரு வாடை வரும். எந்த ஆலையிலிருந்து என்று எந்த ஆலையும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கெல்லாம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும்.

"அந்தப் பலகைய வெச்சா போதும்க்கா. வியாபாரத்துக்குப் போற வயிதான, காலீல ஒரு வாட்டி பாத்துடுவேன். ஜாஸ்தின்னு எய்தியிருந்தா புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாம ராயபுரத்துல எங்கம்மா வூட்ல வுட்டுடுவேன். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

அக்கா டைப் அடித்தார். நான் பட்டியலில் அவள் பெயரை ஏற்றினேன். தொழில் என்ற இடத்தில் விவசாயி என்று போட்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிரந்தர வேலை வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசி நாள் ஒரு கடிதம் குறைந்தது. "நீயே ஒண்ணு போடு நைனா" என்றார் அக்கா. எங்கள் மாடியில் அம்மா பாகற்கொடி வைத்திருக்கிறாள் என்றதும் என்னையும் விவசாயி ஆக்கிவிட்டார். டீ வந்தது. குடித்துக்கொண்டே அவருடைய அடுத்த கேள்விக்கு ஏதேதோ பதில் சொன்னேன். மூன்று நாள் அலுப்பு, பேச நன்றாக இருந்தது. பிறகு தாளை நீட்டினார், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் முந்தின நாள் ரிசப்ஷனின் பூ அலங்காரத்தைப் பிரித்திருக்கவில்லை. அதிகாரி ஒரு அம்மையார். மணமகள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் எங்கள் மேனேஜர். பின்னால் குப்பத்து ஜனங்களுக்குக் கம்பெனி பச்சைத் தொப்பி கொடுத்திருந்தது.

"விவசாயிகளிடமிருந்து முந்நூறு கடிதங்கள் வந்துள்ளன. எல்லாவற்றையும் படித்தோம். சிலவற்றை மட்டும் இங்கே வாசிக்கிறேன்" என்றார் அந்த அம்மையார்.

"'நான் ஒரு விவசாயி. எனக்கு ஒரு முருங்கை மரம் உள்ளது. இந்த வரைவைப் பெரிதும் வரவேற்கிறேன். உர ஆலைகள் பற்றிய வரியை மட்டும் நீக்குமாறு வேண்டுகிறேன். மேலும், மேற்படி முதல் பாரா உரக் கம்பெனித் தம்பி கொடுத்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வலையை ஜீரோ ஆக்கினால் எங்கள் பிணத்தின் மேல்தான் ஆக்க வேண்டும்.'"

மண்டபம் ஆர்ப்பரித்தது. மேனேஜர் திரும்பி ஜனங்களைப் பார்த்தார், அவரும் கைதட்டினார். என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

"'நான் ஒரு விவசாயியின் மருமகன். மேலும், பலகை வைப்பது நல்ல யோசனை. எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், எனக்குக் கிட்டப்பார்வை. மேலும், பலகைக்குப் பக்கத்தில் ஒரு லைட்டும் போட வேண்டும்.'"

மேனேஜர் மறுபடி தட்டினார். நாற்காலிக்கு அடியில் எங்காவது ஒளிய முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது நண்டுக்காரப் பெண்ணின் கடிதம். அந்த அம்மையார் மெதுவாக வாசித்தார். பிள்ளையின் இழுப்பு, வாடை, ஆஸ்பத்திரி, ராயபுரம். வாசித்து முடித்தார். மேனேஜர் மட்டும் பலமாகக் கைதட்டினார். அந்தக் கைதட்டலைப் போல அசிங்கமான ஒன்றை நான் கேட்டதில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்த கையும் என்னுடையதுதான்.

"கடைசியாக ஒன்று. 'நான் ஒரு விவசாயி. எங்கள் வீட்டு மாடியில் ஒரு பாகற்கொடி உள்ளது...'"

நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கடிதம் அது.

"'மேலும், இந்தக் கடிதங்களையெல்லாம் வாங்கிக் கொடுப்பது என் வேலை. வாங்கிக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். வாடை வரும் நாட்களில் என் அம்மா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பலகையைப் பற்றி என்னுடைய கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டால் வையுங்கள் என்பேன். மேலும், மேனேஜர் நல்லவர்தான், தமிழ்தான் தெரியாது.' இதை எழுதியவர் வந்திருக்கிறாரா?"

எழுந்து நின்றேன். தன் ஆள் எழுந்ததைப் பார்த்து மேனேஜர் எழுந்து நின்றே கைதட்டினார். பக்கத்திலிருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். கை பாதியில் நின்றது.

அன்று சாயங்காலமே என்னை அனுப்பிவிட்டார்கள். சண்டை போடத்தான் அக்காவின் கடைக்குப் போனேன். "நான் உங்ககிட்ட சும்மா பேசினதையெல்லாம் எதுக்குக்கா போட்டீங்க?" என்று கத்தினேன். அக்கா நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீதானப்பா சொன்ன? நான் எதுனா சேத்தனா?"

சேர்க்கவில்லை. அதற்குமேல் என்ன சண்டை போடுவது? வேறு வேலைக்கு பயோடேட்டா டைப் அடிக்கச் சொல்லி உட்கார்ந்தேன். முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் 'கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால்' என்று போட்டுக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து இறுதித் திட்டம் வெளியானது. அந்த வரி எடுக்கப்படவில்லை என்று போனில் பார்த்ததுமே அக்காவின் கடைக்கு ஓடினேன். பிரிண்ட் எடுத்தோம். அக்கா மேலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு வந்து ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னா புச்சா கீது?"

'உர ஆலைகள் தாம் வெளியேற்றும் வாயுக்களின் அளவை, இயன்றவரை, நாள்தோறும் ஆலை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.'

"முடிஞ்ச வரைக்கும்னு அர்த்தம்க்கா."

"முடியலன்னா?"

"எழுத வேணாம்."

"முடியலன்னு யாரு சொல்றது?"

"கம்பெனிதான்."

பழைய ஆபீஸ் நண்பனிடம் கேட்டேன். கடிதம், கூட்டம், தொப்பி எதுவும் தேவைப்படவில்லையாம். நகரத்தின் அந்தப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் நிபுணர் குழுவுக்குக் கருத்தரங்கு, மதியச் சாப்பாடு. குழுவில் ஒருவர் எங்கள் கம்பெனியில் முன்பு இருந்தவர். வரைவைப் பெரிதும் வரவேற்கிறோம், ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். பாயசம் வருவதற்குள் சேர்ந்துவிட்டது.

"ஷோக்கா கீதே" என்றார் அக்கா. "நாளிக்கு கரண்டு ஆபீஸுக்கு, இயன்றவரை பில்லு கட்றேன்னு ஒரு மனு அடிச்சிப் பாக்கலாமா?" சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து நண்டுக்காரப் பெண் வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடையோடு ஓடிவந்ததில் அவளுக்கே மூச்சு வாங்கியது. பின்னால் யூனிஃபார்மில் அந்தப் பிள்ளை.

"அக்கா, நம்ம பலக இன்னா ஆச்சி? கெவுருமெண்டுல போட்டுட்டாங்களாமே? படிக்கா."

அக்கா தாளை எடுத்தார். வழக்கம்போல மேலே இருந்த அரசு முத்திரையிலிருந்து தொடங்கினார். துறையின் பெயர், திட்டத்தின் பெயர், பக்க எண், பத்தி எண். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"'உர ஆலைகள் தாம் வெளியேற்றும் வாயுக்களின் அளவை...'"

அக்கா அங்கே நிறுத்தினார். கூடைக்குள் நண்டுகள் நகரும் சத்தம் கேட்டது. பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"'...நாள்தோறும் ஆலை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.'"

"வேண்டும்னே போட்டுக்கீதா?"

"வேண்டும்னுதான் போட்டுக்கீது."

அந்தப் பெண் குனிந்து பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் கிள்ளினாள். "கேட்டியாடி? இனிமே பாத்துட்டு ஸ்கூலுக்குப் போலாம்." கூடைக்குள் கையை விட்டு இருப்பதிலேயே பெரிய நண்டாக இரண்டை எடுத்து, அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். சந்து முனை வரை பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போவது தெரிந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தார், பிறகு நிமிர்த்தி வைத்தார். மை விரலால் அந்த ஒரு சொல்லை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாக்குற?" என்றார் கடைசியில். "நாளிக்கு விடிஞ்சதும் அவ வூட்டாண்ட போயி முச்சூடும் படிச்சிக் காட்டிடறேன். இன்னிக்கி ஒரு நாளு அவ அந்தப் பலகையப் பாத்துக்கினு இருக்கட்டும்."